நெடுந்தீவில் நின்றுபோன மோட்டார் சைக்கிள்

பிள்ளைகளே, எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் உங்கள் இருவரையும் விட வயதில் மூத்தது. அது இருமும், தும்மும், மழை பெய்தால் கோபிக்கும். அம்மா வேலைக்குச் சேர்வதற்கு முதல் நாள் நெடுந்தீவில் அது எங்களைப் படுத்திய பாட்டை உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அம்மா சொல்லத் தொடங்கினால் பாதியில் சிரித்துவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன்.

எத்தனையோ வருடம் காத்திருந்து அம்மாவுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமைதான் நெடுந்தீவில் பெரியம்மா வீட்டுக் குடிபூரல். சொந்த அக்கா புதுவீட்டில் பால் காய்ச்சும்போது போகாமல் இருக்க முடியுமா? உங்களைச் சரவணையில் சித்தியிடம் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போனோம்.

படகில் மோட்டார் சைக்கிளைச் சரித்துத்தான் கட்டுவார்கள். முன்பு ஒரு தடவை அப்படிச் சரித்தபோது தாங்கி மூடியால் பெற்றோல் கசிந்து அம்மாவின் நல்ல சேலை ஒன்று பழுதாய்ப் போனது.

"இந்த முறை மூடியை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் கயித்தைப் பிடியுங்கோ" என்றார் அம்மா. நான் கயிற்றைப் பிடித்தேன். அன்று ஒரு துளிகூடக் கசியவில்லை.

பெரியம்மாவின் வீடு இறங்குதுறைக்குப் பக்கம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டபின், தீவின் மறுபக்கத்தில் கட்டிலோடு கிடக்கும் ஒரு மாமியிடம் வேலை கிடைத்த செய்தியைச் சொல்லிவிட்டு வருவோம் என்று புறப்பட்டோம். போகும்போது ஒரு தரம் வண்டி நின்றது. கொஞ்சம் பொறுத்து உதைத்தேன், ஓடியது. பெரிதாக எடுக்கவில்லை. திரும்பி வரும்போது, இரண்டு பக்கமும் கல்வேலி, நிழலுக்கு ஒரு மரமில்லாத இடத்தில், மறுபடியும் நின்றுவிட்டது. கடைசிப் படகு பின்னேரம் வெளிக்கிட்டுவிடும்.

"பெற்றோல் முடிஞ்சுதோ?"

"நேற்றுத்தானே நிரப்பினனான். கேளும்" என்று வண்டியை ஆட்டிக் காட்டினேன். தாங்கிக்குள் சளக் சளக் என்றது.

"சத்தம் நல்லாத்தான் கேக்குது. ஓடுறதைக் காணேல்லை" என்றார் அம்மா.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி அடித்தது, ஆனால் பிளக் காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் இயந்திரத்துக்குப் பெற்றோல் போகவில்லை. தாங்கியிலிருந்து வரும் பெற்றோலைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்குக் கொடுப்பது காபரேற்றர். அதன் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கழற்றினேன். கிண்ணம் வெறுமை, அடியில் கொஞ்சம் துருத்தூள். கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து, கிண்ணத்தைச் சட்டை நுனியால் துடைத்து, ஊசித் துவாரத்தை வாயால் ஊதி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி உதைத்தேன். ஓடியது!

"பாத்தீரோ?" என்றேன்.

"பாக்கிறன், பாக்கிறன். முதல்ல துறைக்குப் போங்கோ."

ஒரு வளைவு தாண்டவில்லை, மறுபடியும் நின்றது.

இந்த முறை தாங்கியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை இழுத்து எடுத்தேன். சொட்டுச் சொட்டாக வந்த பெற்றோல், பார்த்துக்கொண்டிருக்கவே நின்றுவிட்டது. கோளாறு காபரேற்றரில் இல்லை, மேலே தாங்கியில். உள்ளே இருக்கும் வடிகட்டி அடைத்துவிட்டதென்றால் நடுவழியில் என்ன செய்ய? அம்மா கல்வேலியில் சாய்ந்துகொண்டு கடல் பக்கம் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய ஒருவர் வந்து காலூன்றினார்.

"என்ன அண்ணை, படகுக்கோ? அங்க பாருங்கோ, எங்கட தீவுக் காட்டுக்குதிரை எவ்வளவு நிக்குது. அதுகள் பெற்றோல் கேளாது."

"ஏத்தினால் இப்பவே ஏறிப் போயிடுவன், தம்பி" என்றார் அம்மா. "நாளைக்கு நான் பள்ளிக்கூடத்தில வேலைக்குச் சேரவேணும்."

அவர் கேலியை நிறுத்திவிட்டார். "அப்ப பெட்டியை இறக்கிறன், நீங்கள் பின்னால ஏறுங்கோ அக்கா. அண்ணை ஆறுதலா வரட்டும்." பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "மூடியைத் திறந்து பாத்தனீங்களோ?"

"ஆட்டிப் பாத்தனான்."

அம்மா வாயில் கையை வைத்தார்.

"இஞ்சேருங்கோ... மூடி. நான் மூடிக்குக் கீழ சொப்பிங் பை ஒண்டு மடிச்சு வைச்சனான். கசியாமல் இருக்கட்டும் எண்டு."

திறந்தேன். உஸ் என்று ஒரு மூச்சு. பிளாஸ்டிக் பை தாங்கியின் வாய்க்குள் குழிந்து இறங்கிக் கிடந்தது. அதை இழுத்ததுதான் தாமதம், குழாயை இன்னும் பூட்டாததால் பெற்றோல் குபுகுபுவென்று என் காலில் ஊற்றியது. காலை இழுக்க எனக்கு மனமே வரவில்லை.

பிள்ளைகளே, தாங்கி மூடியில் காற்றுப் போகச் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது. பெற்றோல் கீழே இறங்க இறங்க அந்த வழியால் காற்று உள்ளே போகவேண்டும். பை அதை அடைத்துவிட்டது. வண்டி நிற்கும்போது மெல்ல மெல்லக் கசிந்த காற்றில்தான் அது திரும்பத் திரும்ப உயிர் பெற்றிருக்கிறது. நான் ஊதியதால் அல்ல.

"ரின்பால் தகரத்துக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வருமோ? ரெண்டு போடவேணுமெல்லோ" என்றார் அம்மா, ஏதோ எனக்குப் பாடம் எடுப்பதுபோல்.

"அது தெரிஞ்ச ஆள்தான் பை வைச்சது."

மீன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படிப்பிக்கப் போற ரீச்சர் எண்டு சொல்லவே வேண்டாம். ஓடுங்கோ, ஓடுங்கோ!"

வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. நாங்கள் துறைக்கு வந்தபோது படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கத்திக் கூப்பிட்டோம், பொறுத்தார்கள். வண்டியைச் சரித்துக் கட்டிய பெடியன், "அண்ணை, கசியும் போல. மூடிக்கு ஒரு பை வைக்கட்டோ?" என்று கேட்டான்.

"வேண்டாம்!" என்று நாங்கள் இருவரும் ஒன்றாகக் கத்தியதில் படகே திரும்பிப் பார்த்தது. பெற்றோல் கசியத்தான் செய்தது. அம்மா சேலைத் தலைப்பைக்கூட ஒதுக்காமல், முகத்தில் காற்றுப் பட இருந்தார்.

திங்கள் காலை பள்ளிக்கூட வாசலில் அம்மாவை இறக்கினேன். அவர் உள்ளே போய்க் கையெழுத்து வைக்கும்வரை வண்டியை நிறுத்த எனக்கு மனமில்லை, ஓடவிட்டபடியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மா விறாந்தைக்கு வந்து, "புகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கோ, பிள்ளையள் இருமுதுகள்" என்று கையைக் காட்டினார்.