குடலேத்தம்
விளக்கெண்ணெய் நாற்றம் எனக்கு இன்றும் குமட்டும். அதைவிட மோசம், அப்பா மதிப்பெண் படிக்கும் குரல்.

ஒன்பதாம் வகுப்பில் ஞாயிறு தவறாமல் வயிறு வலித்தது. அன்றுதான் பள்ளியிலிருந்து வாரத் தேர்வு மதிப்பெண் அப்பாவின் போனுக்கு வரும். வீட்டில் யார் இருந்தாலும் உரக்கப் படிப்பார்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. மனதில் ஏதாவது கவலையா என்று டாக்டர் கேட்டதற்கு, “எங்க புள்ளைக்கு என்னங்க கவலை?” என்று அப்பா சீறினார். குடல் இடம் மாறிவிட்டது, குடலேத்தம்தான் என்று அவரே முடிவுகட்டி, குடல் தட்டுகிற அக்காவை ஒரு ஞாயிறன்று அன்னூரிலிருந்து கூட்டிவந்தார்.

அந்த அக்கா விளக்கெண்ணெய் தடவி என் வயிற்றை நீவிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் ஒலித்தது.

“ஏனுங்க, போன் சத்தம் கேட்டதும் புள்ளை வயிறு கல்லாட்டம் ஆயிப்போச்சுங்க,” என்றார் அக்கா.

“அப்படீங்களா?” என்ற அப்பா போனைப் பார்த்து அவரிடமே படித்தார்: “கணக்குல நாப்பத்தொண்ணுங்க.”