ஆறு பத்து பஸ்ஸின் பிந்திய நிமிடங்கள்

2025 பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. சுபஹ் தொழுது முடித்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. தேத்தண்ணி வைத்தேன். முதல்நாள் மிஞ்சிய பாணைச் சுட்டுச் சம்பலோடு சாப்பிட்டேன். மதியத்துக்குச் சோறும் பாரைமீன் குழம்பும் பெட்டியில் போட்டேன். ஆறு ஐந்துக்கு வீட்டைப் பூட்டினேன். ஆறு பத்துக்கு மறிச்சுக்கட்டியிலிருந்து பஸ் வந்தது. ஆறு பதினேழுக்குப் புறப்பட்டது. பிந்தியது: ஏழு நிமிடம். காரணம்: பக்கத்து வீட்டு ராத்தா, கால் வீக்கம்.

இப்படித்தான் ஒவ்வொரு வேலைநாளும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எழுதுவேன். சாரதிக்குப் பின்னால் இருக்கும் இருக்கை என்னுடையது. மடியில் ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் அடிமட்டம் வைத்துக் கீறிய ஐந்து நிரல்கள்: திகதி, வந்த நேரம், புறப்பட்ட நேரம், பிந்தியது, காரணம். மன்னார் பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறேன். மருந்தின் பெயரும் அளவும் எழுதாத ஓர் உறை என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. நிமிடங்களையும் அப்படியே போகவிட எனக்கு மனமில்லை.

எங்கள் ஊர் சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடையில் இருக்கிறது. ஒரு றோட்டு. அதற்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், வயலுக்கு அப்பால் காடு. ஒரு பள்ளிவாசல், பதினோராம் வகுப்புவரை ஒரு பாடசாலை, ஒரு கடை. கொழும்பில் இருக்கும் என் தங்கை கேட்பாள்: "அங்க என்ன இருக்கெண்டு இருக்கிறியள்?" ஒருநாள் அவளுக்குப் பதில் எழுதப் பட்டியல் போட்டேன். அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. ஆனால் முதலாவதாக எழுதியது கடலை அல்ல, பஸ்ஸை.

போர்க்காலத்தில் ஊரோடு வெளியேற்றப்பட்டு, நான் புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்தவள். நாங்கள் திரும்பி வந்தபோது ஊர் இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. வெட்டி, கிணறு இறைத்து, வீடு கட்டிக் குடியிருந்த பிறகும் சில வருடங்கள் பஸ் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிச் சிலாவத்துறைவரை போவோம். இறங்கும்போது எல்லோருடைய உடுப்பும் ஒரே செம்மண் நிறம். ஒன்பது வருடங்களுக்கு முன் முதன்முதலாக ஒரு சிவப்பு பஸ் எங்கள் கடைக்கு முன்னால் நின்றபோது, எங்கும் போகத் தேவையில்லாதவர்களும் ஏறினார்கள். அன்றைக்குத்தான் முதல் கொப்பியைத் தொடங்கினேன். பஸ் நிற்கும் இடம் என்றால் அது ஊர் என்று அர்த்தம். எழுதி முடிந்த ஒன்பது கொப்பிகளும் என் அலுமாரியில் வரிசையாக இருக்கின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை முடிந்து திரும்பி வந்து இறங்கியபோது, கடைக்கு முன்னால் ஒரு ஜீப் நின்றது. டிப்போவிலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார். கடைக்கார நானா அவருக்குக் கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்திருந்தார். சுற்றிலும் ஊர் கூடி நின்றது. என்னோடு அதே பஸ்ஸில் வந்த, ஊருக்கே அக்காவான ராத்தா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடை வாங்குப் பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் பட்டணத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும்.

"பஸ் ஒவ்வொரு நாளும் பட்டணத்துக்குப் பிந்தி வருது, வவுனியா பஸ்ஸைப் பிடிக்கேலாமக் கிடக்கு எண்டு முறைப்பாடு," என்றார் உத்தியோகத்தர். "பிந்துறது இந்தப் பக்கத்தாலதான். சிலாவத்துறையில இருந்து வெளிக்கிட்டால் நேரத்துக்குப் போகலாம். இஞ்சால உள்ள ஆக்கள் ஒம்பதரை பஸ்ஸில வாங்கோ."

ராத்தாவின் கை வாங்கின் விளிம்பைப் பிடித்தது. ஒன்பதரை பஸ்ஸில் போனால் அவருக்கு அன்றைக்கு இயந்திரம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். அதனால்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் பொய் சொன்னார்கள்.

"பிந்துறதோ? எங்கட பஸ்ஸோ?" என்றார் கடைக்கார நானா. "இந்த பஸ்ஸைப் பாத்துத்தான் சேர், நான் கடை மணிக்கூட்டையே சரி பண்ணுறனான்."

"அதுதான் கடை ஒரு நாளும் நேரத்துக்குத் திறக்கிறேல்ல," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. நானாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"சேர் நம்பாட்டி எங்கட மிஸ்ஸிட்டக் கேளுங்கோ! ஒம்பது வருசமா ஒவ்வொரு நாளும் மணித்தியாலம், நிமிசம் போட்டு எழுதி வச்சிருக்கிறா. வேற எந்த ஊரில இப்பிடி ஒரு ஆள் இருக்கு? மிஸ், கொப்பியள எடுத்துக்கொண்டு வாங்கோ!"

நான் எழுதுவதை ஒன்பது வருடமாக ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. என்ன எழுதுகிறேன் என்று ஒருவரும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. மிஸ் எழுதினால் அது எங்களுக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பி, "அப்பிடியோ? நல்லது. கொண்டு வாங்கோ பாப்பம்," என்றார்.

பஸ்ஸின் சாரதி, தலைமன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர், எனக்குக் குறுக்கே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், எல்லாமே எழுதியிருக்கிறீங்களோ?"

"ஓம்."

"இண்டைக்கும்?"

"ஏழு நிமிசம்."

"சரிதான்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸின் முன் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடையிலிருந்து என் வீட்டுக்கு ஐம்பத்திரண்டு அடி. கறையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம் என அந்த ஐம்பத்திரண்டு அடியிலும் யோசித்தேன். அலுமாரியைத் திறந்தேன். ஒன்பது முதுகிலும் என் கையால் எழுதிய வருடங்கள். மருந்தகத்தில் ஒரு கணக்கை மாற்றி எழுதச் சொல்லி ஒருவர் கேட்டபோது மறுத்தவள் நான். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே மறைக்கப் பார்க்கிறேன். ஒன்பதையும் அணைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நடுவில் ஒன்றை இழுத்து விரித்தார். பிந்தியது, பிந்தியது, பிந்தியது. விரலால் கீழே கீழே இறங்கினார். நானாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். பிறகு உத்தியோகத்தர் கடைசி நிரலைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"ஐந்து நிமிடம். ஓ.எல். எழுதும் பிள்ளை அனுமதி அட்டையை மறந்து திரும்பி ஓடியது. நான்கு நிமிடம். மீன் பெட்டிக்கு ஐஸ் போதவில்லை. மூன்று நிமிடம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பிய வட்டிலப்பம் சரிந்தது." நிமிர்ந்து பார்த்தார். "தப்பினதோ?"

"பாதி," என்றாள் அந்த வட்டிலப்பத்துக்குச் சொந்தக்காரி.

"பன்னிரண்டு நிமிடம். யானை." அவர் தாடையைத் தடவினார். "யானையும் பஸ்ஸில ஏறினதோ?"

"இல்ல சேர். றோட்டில நிண்டது," என்றேன். "அதுதான் ஆகக்கூடினது. மற்ற நாளெல்லாம் பத்துக்குள்ள."

"ஆருக்காகவோ நிண்டு, கடைசியில ஆரும் ஏறாமப் போன நாள் இருக்கோ?"

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "ரெண்டு நாள். ஒண்டு, ராத்தாவை முதல்நாளே ஆஸ்பத்திரியில மறிச்சு வச்சது எங்களுக்குத் தெரியாது. மற்றது, வேலியில காயப்போட்ட சீலை. சோளகக் காத்துக்கு ஆடினதை, ஆரோ கை காட்டுறா எண்டு சாரதி நினைச்சிட்டார்."

சாரதியைப் பார்த்து ஊர் சிரித்தது. "சீலைக்கு நிக்கிற டிறைவரை எங்க கண்டியள்!" என்றார் ஒருவர். சாரதியும் சிரித்தார், ஆனால் ராத்தா சிரிக்கவில்லை. வாங்கைப் பிடித்து எழுந்து நின்றார்.

"சேர், பஸ்ஸில பிழை இல்ல. அதில கூடுதலா எழுதிக் கிடக்கிறது நான்தான். எட்டேகாலுக்கு எனக்கு மெஷின். ஒம்பதரை பஸ்ஸில போனா அதில வேற ஆள் படுத்திருக்கும். கால் வீங்கின நாளையில வாசலில இருந்து றோட்டுக்கு வர எனக்கு ஏழு நிமிசம் பிடிக்குது. முந்தி வந்து றோட்டில காத்து நிக்கவும் கால் விடாது, பஸ் சத்தம் கேட்டுத்தான் வெளிக்கிடுவன். நான் கூப்பிடுறேல்ல. அவர்தான் நிக்கிறார்."

உத்தியோகத்தர் கொப்பியை மூடவில்லை. இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். நான் வெட்கப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் என் எழுத்தை இன்னொருவர் குரலில் கேட்டபோது வேறொன்று தோன்றியது. ஒன்பது வருடமாக இந்த ஊரின் குற்றப்பட்டியலை எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். பரீட்சைக்குப் போன பிள்ளைகள், பட்டணத்துக்குப் போன மீன், மருந்துக்குப் போன ராத்தா, எல்லோரும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பஸ் விட்டுவிட்டுப் போன ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. தங்கைக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் இதுதான்.

"அப்ப பஸ் பிந்தேல்ல," என்றார் உத்தியோகத்தர் கடைசியாக. "நேர அட்டவணைதான் பிழை." சாரதியைப் பார்த்தார். "நாளையில இருந்து மறிச்சுக்கட்டியில பத்து நிமிசம் முந்தி எடுங்கோ. ஆறுக்கு இஞ்ச வந்து, ஆறு பத்துக்குள்ள வெளிக்கிடவேணும். கால், ஐஸ், வட்டிலப்பம், சீலை எல்லாம் அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள முடியவேணும். மூண்டு மாசம் பாப்பம். மிஸ், நீங்கள் விடாம எழுதுங்கோ. மூண்டு மாசத்தால வந்து இதைத்தான் பாப்பன்."

"யானைக்கு?" என்று கேட்டார் நானா. அவருக்கு உயிர் திரும்பியிருந்தது.

"யானையோட நீங்கள்தான் கதைக்கவேணும்."

பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. ஜீப் புறப்பட்டது. நானா கொப்பிகளைத் தானே சுமந்து வந்து என் வாசலில் வைத்துவிட்டு, "கடை பிந்தித் திறக்கிறதையும் எழுதியிருக்கிறீங்களோ மிஸ்?" என்று கேட்டார். "அதுக்கு வேற கொப்பி," என்றேன். நம்பிவிட்டார் போலிருந்தது.

மறுநாள், புதன்கிழமை, தொழுகை முடிந்ததும் முதல் வேலையாக அடிமட்டத்தையும் பேனையையும் எடுத்தேன். புதுப் பக்கத்தில் ஐந்து நிரல் கீறினேன். நான்காவது நிரலின் தலைப்பு மட்டும் சரிவரவில்லை. "பிந்தியது" என்று எழுதக் கை போனது, நிறுத்தினேன். தாளின் ஓரத்தில் இரண்டு மூன்று சொற்களை எழுதிப் பார்த்து வெட்டினேன். கடைசியில் "பொறுத்தது" என்று எழுதினேன். மை காயும்வரை கொப்பியை மூடாமல் ஊதிக்கொண்டிருந்தபோது றோட்டில் ஹோர்ன் கேட்டது. சோறு இன்னும் பெட்டிக்குள் போகவில்லை.

அன்றைக்கு எங்கும் போகத் தேவையில்லாத ராத்தா, பஸ் ஆறுக்கு வருகிறதா என்று பார்க்க வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைக் கடந்தபோது கத்தினார்:

"ஓடுங்கோ மிஸ், ஓடுங்கோ! உங்களாலதான் பஸ் பிந்தப் போகுது!"

வந்த நேரம்: ஆறு. புறப்பட்ட நேரம்: ஆறு ஒன்பது. பொறுத்தது: ஒன்பது நிமிடம். காரணம்: நான்.