மலைப்பக்கம் காற்றடித்தால் எரிக்கலாம்

இந்த நாட்டில் தன் சொந்தக் காட்டுக்குத் தீ வைக்கக்கூட ஒருவன் போன் போட்டு அனுமதி கேட்கிறான். அதைவிட வேடிக்கை, கேட்பது என்னிடம். ஜவ்வாது மலையில் பிறந்து, போளூர் விடுதியில் தங்கிப் படித்து, எப்படியோ அமெரிக்காவின் மேற்குக் கடலோர மாநிலம் ஒன்றில் வந்து விழுந்த என்னிடம்! பெருந்தீ வராமலிருக்கச் சருகையும் மரக்கழிவையும் முன்கூட்டியே எரித்துவிடுவது இங்கே வழக்கம். காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு பலூனைப் பறக்கவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த உயரத்தில் திரும்புகிறது என்று பார்ப்போம். புகை எங்கே போய் இறங்கும் என்று அதை வைத்துக் கணித்து, "எரிக்கலாம்" அல்லது "இன்று வேண்டாம்" என்று சொல்வது இப்போது என் வேலை. வேண்டாம் என்றால், "தேங்க் யூ" சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். அட, இப்படியும் மனிதர்களா என்று ஆரம்பத்தில் வாயைப் பிளந்தேன். தீயைப் பற்றி அரசாங்கத்திடம் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு வந்தவன் நான்.

எழுபதுகளில் எங்கள் மலைக்குப் புதிதாக ஒரு காட்டிலாகா ரேஞ்சர் வந்தார். எங்களை "வாங்க, போங்க" என்று பேசிய முதல் அதிகாரி. அதிலேயே ஊர் மயங்கிவிட்டது. தீ எங்கே கிளம்பினாலும் ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் நெருப்பு மூட்டிப் பச்சைத்தழையைப் போடுங்கள், வெள்ளைப் புகை எழும்பினால் அடிவாரத்தில் எங்கள் ஆள் பார்ப்பான், லாரியில் ஆட்களை அனுப்புகிறேன் என்றார். "தீ உங்களுக்கும் பகை, எங்களுக்கும் பகை. நாம ஒண்ணா நிப்போம்ங்க," என்று என் அண்ணன் சடையனின் தோளில் கைபோட்டார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பாறைக்கு நான்தான் பொறுப்பு என்று தானே முன்வந்து ஏற்றுக்கொண்டான்.

அந்தக் கோடையில் தீ வந்தது. கீழே மூங்கில் வெட்டக் கூப்பு குத்தகை எடுத்திருந்தவரின் ஆட்கள் சோறாக்கிவிட்டு அணைக்காமல் போன அடுப்பிலிருந்து கிளம்பி, மேட்டைப் பார்த்து ஏறி வந்தது. ஊர் முழுக்கத் தழைக்கொத்தோடு தீயை அடித்து அணைக்க ஓடினோம். அண்ணன் மட்டும் பாறைக்கு ஓடினான். வெள்ளைப் புகை தூணாக எழும்பியது. சொன்னபடி லாரியும் வந்தது. ஆனால் இறங்கியவர்கள் தீப்பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பாறைக்கு ஏறிப்போய் அண்ணனைப் பிடித்தார்கள். மலையில் முதலில் புகை எழுந்தது இவன் நின்ற இடத்தில்தான், தீ வைத்தவன் இவன்தான் என்று கூப்புக்காரர் சாட்சி சொன்னார்.

"ஐயா, நீங்க சொன்னதாலதானே பொகை போட்டேன்!" என்று அண்ணன் கதறினான்.

ரேஞ்சர் அவன் முகத்தைப் பார்க்காமல், "நான் எப்படா சொன்னேன்?" என்றார்.

அந்த 'டா' இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. அவருக்குக் கூப்புக்காரர் வேண்டும், நாங்கள் எதற்கு? அண்ணன் சிறைக்குப் போனான். அவன் சாமை விதைத்த காட்டுக்குப் பட்டா இல்லை என்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதோடு எங்கள் ஊரில் யாரும் பாறையில் புகை போடுவதில்லை. காடு எரிந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாவிகள், தீயென்றால் ஓடிப்போய் அணைக்கிற நல்ல பழக்கத்தையே கொன்றார்கள்.

போன வருடம் விடுமுறைக்குப் போயிருந்தபோது அண்ணன் கேட்டான்: "அங்க இன்னா வேல பாக்குற?"

"பொகை எங்க போவுதுன்னு பாக்குறேண்ணா."

"அட்றா சக்க! பொகையப் பாத்தா உனுக்குச் சம்பளம். பொகை போட்டதுக்கு எனுக்கு ஜெயிலு," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. அவனைத் தேற்ற நினைத்து, "அந்த ஊர்ல அப்படி இல்லண்ணா. யார் மேலயும் பொகை வுழக்கூடாதுன்னுதான் ஆபீசே வச்சிக்கிறாங்க," என்றேன். வேலையில் சேர்ந்த அன்று என் மேலதிகாரி டேவ் எனக்குச் சொன்ன வாக்கியம் அது. அண்ணன் நம்பினான். "அப்போ நல்ல எடத்துலதான் கீற," என்றான்.

திரும்பி வந்ததும், அதுவரை பலூன் மட்டும் விட்டுக்கொண்டிருந்த என்னைப் போன் மேசையில் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் விதி முழுவதும் கண்ணில் பட்டது. பட்டணத்துப் பக்கம் காற்றடித்தால் எரிக்கக்கூடாது. கிழக்கே மலைப்பக்கம் காற்றடித்தால் எரிக்கலாம். பட்டணத்தில் காற்றின் சுத்தத்தை அளக்கும் கருவி இருக்கிறது, மலையில் ஒன்றுகூட இல்லை. அளக்காத இடத்தில் விழுகிற புகை கணக்கில் வராது. மலையில் மனிதர்கள் இல்லையா என்று டேவிடம் கேட்டேன். "கொஞ்சம் பேர்தான்," என்று காப்பியை உறிஞ்சினார். தோளில் கைபோட்டுக் கழுத்தறுக்க இங்கேயும் ஆள் இருக்கிறது. நான் அண்ணனுக்குச் சொன்னது பச்சைப்பொய் ஆகிவிட்டது.

நேற்று காற்று கிழக்கே திரும்பியது. "எரிக்கலாம்" என்று வரிசையாகச் சொன்னேன். பிற்பகலில் மலையூர் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். தன் பிள்ளை மூச்சுவிடத் திணறுகிறான், எப்போதும் எங்கள் பக்கமே ஏன் புகையை அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். காற்று சீக்கிரம் மாறும் என்று, ஆபீசில் சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டு, "நீங்கள் எந்த ஊர்?" என்றார். "மலைதான்," என்றேன். வேறென்ன சொல்வேன்? அவர் தம் மலையைத்தான் நினைத்துக்கொண்டார். கோபமெல்லாம் இறங்கிப்போய், "ஐயோ, அப்படியானால் உங்கள் வீட்டிலும் இதே பாடுதானா? போனதும் ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைச் செருகுங்கள்," என்றார்.

மாலை வீட்டுக்கு வந்தேன். பட்டணத்து வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்த ஆரம்பித்தேன். என் மனைவி, போளூருக்குப் பக்கத்துப் படவேட்டுக்காரி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க இது, காத்து நல்லாத்தானே வர்து?" என்றாள்.

நான் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.