இருநூற்றைம்பது அருவிகள்

மணி காலை ஏழு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மாடிப்படிக்குக் கீழே கிடந்த மூன்று கட்டுகள். சாக்கில் சுற்றிச் சணலால் தைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஊதா மையில் என் பெயர், அதற்கடியில் சிவகாசி என்று ஊர். 1995 டிசம்பர் நடுவில் ஒரு நாள். மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் அப்போது குடியிருந்தோம்.

கீழே குடியிருந்த மாமிதான் வீட்டின் சொந்தக்காரி. காபி டம்ளரோடு கட்டுகளின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"லாரிக்காரன் ஆறு மணிக்கே போட்டுட்டுப் போயிட்டான். என்னடிம்மா இது, கல்லு மாதிரி கனக்கறது?"

"காலண்டர் மாமி."

"ஆத்துக்கு ஒண்ணு போறாதோ?"

மாமியிடம் அதுவரை நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்று சொல்ல வேண்டியதாயிற்று. அவருடைய தொலைபேசி எண்தான் அடுத்தவர் வீட்டு போன் என்று காட்டும் 'பி.பி.' என்ற இரண்டு எழுத்துகளோடு அத்தனை காலண்டரிலும் அச்சாகியிருந்தது. போன் வந்தால் மாடிக்குக் குரல் கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தது எங்கள் உறவினர் அழைத்தால் என்ற அளவில்தான்.

என் கணவர் தி.நகரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நான் ஒரு தமிழ் நாளிதழில் ப்ரூஃப் ரீடர். சொந்தமாக ஒரு பழுதுபார்க்கும் கடை என்பது அவருடைய எண்ணம். எப்போது, எதை வைத்து என்பது என் வேலை. ராயப்பேட்டையில் நான் கட்டி வந்த ஏலச் சீட்டை ஐப்பசியில் கழிவு விட்டுத் தள்ளி எடுத்தேன். அது கடைக்குப் பத்து மாத வாடகை முன்பணம். என் சம்பளம் வீட்டுச் செலவு. காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்ப், வெல்டிங் செட், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றுக்குக் கையில் ஒன்றும் இல்லை. அவை இல்லாமல் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏற்ற முடியாது. துடைக்கத்தான் முடியும்.

ஆடியில் போட்ட திட்டப்படி கடை தை மாதம் திறப்பதாக இருந்தது. ஆடிப் பதினெட்டு கழிந்ததும் சிவகாசிக்காரர்களின் ஏஜென்டுகள் புது ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். "இப்ப ஆர்டர் குடுத்தா பழைய ரேட்டு. ஐப்பசில வந்தீங்கன்னா நல்ல படமெல்லாம் நகைக்கடைக்காரன் எடுத்துட்டுப் போயிருப்பான்" என்றார். ஆல்பத்தை ஒரு நாள் வீட்டுக்கு வாங்கி வந்தேன். பிள்ளையார், மகாலட்சுமி, தவழும் குழந்தை எல்லாவற்றையும் புரட்டிவிட்டு என் கணவர் ஓர் அருவியைத் தேர்ந்தெடுத்தார். ராயப்பேட்டையில் எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறார்கள், அருவியை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. இருநூற்றைம்பது காலண்டர்.

கார்த்திகையில் திட்டம் மாறியது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான் கிராஜுவிட்டி உண்டு என்று கம்பெனியின் கணக்கர் பேச்சுவாக்கில் சொன்னார். என் கணவருக்கு ஐந்து வருஷம் முடிவது ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி. அந்தத் தொகையைப் போட்டுப் பார்த்தேன். பம்பும் வெல்டிங் செட்டும் அதற்குள் வந்தன. தையில் வேலையை விட்டால் ஒரு ரூபாய் வராது. ஆகவே கடையை வைகாசிக்குத் தள்ளினோம். கடையின் சொந்தக்காரரிடம் பேசி வாடகை தொடங்கும் மாதத்தைத் தள்ளினோம், சாவி வாங்கும் தேதியைத் தள்ளினோம். சிவகாசியை மறந்துவிட்டோம்.

அந்தக் காலண்டரின் ப்ரூஃப் வந்தபோது நான் மூன்று முறை படித்தவள். 'வாஷிங் மெஷின்' சரியாக இருந்தது. தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். கம்பெனிக்குத் தெரியக்கூடாது என்று கடைப் பெயர் மட்டும் போட்டு அவர் பெயரை எடுத்ததும் நான்தான். காலண்டர் ஜனவரிக்கு, கடை மே மாதத்துக்கு என்பது கட்டைப் பிரித்த பிறகே எங்கள் இருவருக்கும் உறைத்தது.

அவர் ஒரு காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு மே மாதத் தாள் வரை புரட்டினார்.

"மே மாசம் குடுத்தா?"

"மே மாசம் யாருங்க காலண்டர் வாங்குவாங்க?"

அவர் தொழிலில் காலண்டர் என்பது அலங்காரம் இல்லை. ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் வீட்டுப் பெண் டைரியைத் தேட மாட்டாள், சமையலறைச் சுவரைப் பார்ப்பாள். ஒரு வீட்டுச் சமையலறையில் காலண்டருக்கு ஓர் ஆணிதான் இருக்கும். ஜனவரி ஒன்றுக்குள் அதில் ஏறாதவன் அந்த வருஷம் ஏற முடியாது. மளிகைக்கடையோ ஜவுளிக்கடையோ ஏறிவிடும்.

கொடுத்தால் கம்பெனிக்குத் தெரிந்து வேலை போகலாம். நான்கு மாதத்தில் வரவேண்டிய பணமும் அதோடு போகும். கொடுக்காவிட்டால் வைகாசியில் திறக்கும் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். இரண்டு நாள் பேசினோம். கடைசியில் கொடுத்துவிடுவது என்று அவரே முடிவு செய்து, ஒரு நிபந்தனையும் போட்டார்.

"கம்பெனி கஸ்டமர் வீட்ல ஒண்ணுகூடப் போகக் கூடாது. அவங்க சம்பளத்துல போய்ப் பார்த்த வீடு அது."

"அவங்கதானே உங்களைத் தெரிஞ்சவங்க?"

"அதனாலதான்."

டிசம்பர் கடைசிக்குள் இருநூற்று முப்பது போயிற்று. எங்கள் தெரு, என் சீட்டுக்காரப் பெண்கள், ராயப்பேட்டையில் கடை வரப்போகும் சந்து. என் அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று கொடுத்தேன். மாமி தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு ஆட்சேபம் தெரிவித்தார். "அருவியை யாருடா பூஜை ரூம்ல மாட்டுவா?"

"சமையல் ரூம்ல மாட்டுங்க மாமி. ஃப்ரிட்ஜ் அங்கதானே இருக்கு" என்றார் இவர்.

ஜனவரியிலேயே போன் வர ஆரம்பித்தது. மாமி ஒவ்வொன்றையும் கிழித்த தேதித்தாளின் பின்பக்கத்தில் எழுதிவைப்பார். 'ஐஸ் பிடிக்கவில்லை. ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப் பக்கம்.' 'உள்ளே விளக்கு எரியறது, ஜில்லிப்பு இல்லை.' வைகாசியில் வருகிறோம் என்று எல்லோருக்கும் சொன்னோம். இவர் ஒரு வேலையும் எடுக்கவில்லை. தேதித்தாள்களை ஒரு கிளிப்பில் போட்டு வைத்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு இருபத்தைந்து. எனக்கு அன்று வார விடுமுறை. மாடியிலிருந்து இறங்கி வரும்போது மாமி போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் மட்டும் கேட்டது.

"ஆமா, அதே நம்பர்தான்... இல்லை, கடை இன்னும் தொறக்கலை. வைகாசில... எங்காத்து மாடிலதான் இருக்கான். ரொம்ப நல்ல பையன். தி.நகர்ல ஏதோ ஒரு கம்பெனில வேலை பாத்துண்டிருக்கான்... ஏப்ரல் ஆகட்டும்னு காத்துண்டிருக்கான். அஞ்சு வருஷம் பூர்த்தியானா ஏதோ பணம் தருவாளாமே, அதுக்கு... பேரா?"

நான் கடைசிப் படியிலிருந்து கையை ஆட்டினேன். மாமி எனக்கும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, பெயரை இனிஷியலோடு சொன்னார். பிறகு ரிசீவரைப் பார்த்தார்.

"வெச்சுட்டார். யாருன்னு கேக்கறதுக்குள்ள. குரலைக் கேட்டா பெரிய மனுஷரா இருந்தார்."

மாமி மேல் கோபப்பட முடியவில்லை. எங்கள் கடையைப் பற்றி அவ்வளவு பெருமையாக நாங்களே யாரிடமும் பேசியதில்லை.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு மேலாளர் இவரை அறைக்கு அழைத்தார். நடந்ததை இவர் அன்று மாலை சொன்னபடி எழுதுகிறேன். மேஜைமேல் எங்கள் காலண்டர் இருந்தது. மேல் தாள் முந்தின நாளுடையது.

"அருவி நல்லா இருக்கு" என்றார் மேலாளர். "அபிராமபுரத்துல என் தங்கச்சி வீட்டுச் சமையல் ரூம்ல கொட்டிக்கிட்டிருந்துது. யாரோ பத்திரிகை ஆபீஸ்காரர் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கொடுத்தாராம், அங்கேருந்து வந்துதாம்."

பத்திரிகை ஆபீஸ்காரர் யார் என்று எனக்குத் தெரியும். ஐந்து காலண்டர் கேட்டு வாங்கிப் போனவர்.

"நம்ம கஸ்டமர் வீடு எத்தனைல மாட்டியிருக்கே?"

"ஒண்ணுலயும் இல்ல சார்."

"அதை நான் பாத்துக்கறேன்." ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "ராஜினாமா எழுதிக் கையெழுத்துப் போடு. தேதி போடாதே."

இவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலாளர் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். காலண்டரையும் உள்ளே வைத்தார்.

"தேதி போடாம எப்படிக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். தேதியில்லாத தாள் எங்கள் அலுவலகத்தில் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குக்கூடப் போகாது.

"போடாதேன்னார். வேற என்ன பண்றது?"

அதற்குப் பின் எழுபது சொச்ச நாள். எந்த நாளும் அந்தத் தாளில் ஏறலாம். அவர் வேலைக்குக் கிளம்பும்போது நான் டிபன் டப்பாவைக் கொடுப்பேன். இன்றைக்கும் போகிறார் என்று மனதில் குறித்துக்கொள்வேன். வாக்குவம் பம்ப் பற்றி நாங்கள் பேசுவதை நிறுத்திவிட்டோம். கடை முன்பணம் திரும்பி வருமா என்று ஒரு முறை ராயப்பேட்டைக்குப் போய்க் கேட்டேன். பாதி வரும் என்றார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

கம்பெனியில் இவரை வீட்டு வேலைக்கு அனுப்புவதை நிறுத்தி, பின்பக்க ஷெட்டில் கம்ப்ரஸர் பிரிக்கப் போட்டார்கள். வெளியே போகும் மெக்கானிக்குகளுக்கு மேலாளர் ஒரு புது வேலை கொடுத்திருந்தார். போகிற வீட்டில் எந்தக் காலண்டர் தொங்குகிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். அவர்கள் மாலையில் திரும்பியதும் மேலாளரிடம் சொல்லிவிட்டு நேராக ஷெட்டுக்கு வருவார்கள்.

"மச்சி, இன்னிக்கி எட்டு வூடு. நாலுல ஜவுளிக்கடை, மூணுல நகைக்கடை, ஒண்ணுல முருகர். உன்னுது ஒண்ணுகூட இல்ல. இன்னா வியாபாரம் பண்ணப் போற நீ?"

"இவன் காலண்டரு எங்கதான்டா கீது? பீச்சுல மாட்டிக்கினு இருந்தானா?"

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. அவர்கள் சிரிக்கச் சிரிக்க எங்களுக்கு மூச்சு வந்தது. மார்ச் நடுவில் வெயில் ஏறியது, புகார்கள் குவிந்தன, காலண்டர் பார்ப்பதை யாரும் கேட்கவில்லை. இவரை மறுபடி வெளி வேலைக்கு அனுப்பினார்கள். மேலாளர் அதற்குக் காரணம் சொல்லவில்லை. சீசனில் ஆள் வேண்டும் என்று இருக்கலாம். இவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் இருபத்தெட்டு ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அன்று இருவரும் வீட்டில் இருந்தோம். போன் இரண்டு முறை அடித்தது, இரண்டும் மாமியின் உறவினர். திங்கட்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய் மாலை மேலாளர் இவரைக் கூப்பிட்டு இழுப்பறையைத் திறந்தார். பேனாவை எடுத்துத் தேதி போட்டார். ஏப்ரல் முப்பது. மாதச் சம்பளம் முழுசாகக் கிடைக்கும்படியான தேதி.

"மே மாசமும் இருந்தா நல்லா இருக்கும்" என்றாராம். "இருக்க மாட்டே."

"இல்ல சார்."

"பணம் வர ஒரு மாசம் ஆகும். அலையாதே, ஆள் அனுப்பறேன்."

இரண்டு வாரத்தில் வந்தது. ரிச்சி தெருவில் பம்ப் வாங்கினோம். வைகாசியில் கடை திறந்தோம். மாமி கற்பூரம் ஏற்றினார். தேதித்தாள் கிளிப்பை இவர் கடைச் சுவரில் மாட்டி, மேலிருந்து ஒவ்வொரு வீடாகப் போக ஆரம்பித்தார். பாதிப் பேர் காத்திராமல் வேறு ஆளை வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேர் காத்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மாமி படியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "அபிராமபுரத்துலேருந்து ஒரு பொம்மனாட்டி. ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடலையாம். அவா அண்ணா இந்த நம்பரைக் கொடுத்தாராம்."

இவர் பையில் கதவு ரப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டார். கட்டிலுக்கடியில் மிச்சம் இருந்த காலண்டர்களில் ஒன்றை உருவி, மே மாதத்து அன்றைய தேதி வரை கிழித்து, அதையும் எடுத்துக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார். ரப்பர் மாற்றியாயிற்று, பணம் கொடுத்துவிட்டார்கள் என்றார்.

சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்ததாம். பிப்ரவரியிலிருந்து அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.