மஞ்சளாகிற வரைக்கும்

என் கொழுந்தனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. சுங்கை லாலாங் பக்கம் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. என் கணவர் சுங்கைப் பட்டாணியில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறார். நானும் கொழுந்தனும் அவன் மனைவியும் பால்மரம் வெட்டுகிறோம், பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. விடியுமுன் காட்டில் இறங்க வேண்டும். நெற்றியில் கட்டுகிற டார்ச் லைட்டு இல்லாமல் எங்களுக்குப் பிழைப்பில்லை.

சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி அவன் கொண்டுவந்த யோசனை. சார்ஜர் அவன் அடுப்படியில் இருந்தது. என் பேட்டரியும் அவன் கையால்தான் வர வேண்டும்.

“சும்மா சும்மா சார்ஜ் போட்டா பேட்டரி செத்துடும், அண்ணி. வெளிச்சம் மஞ்சளாகட்டும், அப்பறம் கொண்டாங்கலா,” என்றான்.

பழைய பேட்டரி அப்படித்தான். மஞ்சளாகி, மங்கி, போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போகும். ஆகவே நம்பினேன். இந்தச் சார்ஜ் பேட்டரிச் சனியனோ கடைசி வரை வெள்ளையாக எரியும், பிறகு பொசுக்கென்று அணைந்துவிடும்.

அப்போது நான் வெட்டுகிற மரவரிசை ரோட்டோர நிரை. இளமரங்கள், சமதரை, முட்டி வலிக்காத நிரை. ஒருநாள் பட்டையில் கோடு இழுக்கும்போதே லைட்டு செத்தது. உளி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிட்டது. வெயில் ஏறினால் பால் ஒழுகாது என்று கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு மீதியை வெட்டினேன். அதிலும் காயம். அடுத்த வாரமும் அதே கதை.

வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து காயங்களைத் தடவிப் பார்த்தார். “இன்னொரு மரத்துல காயம் பட்டிச்சின்னா நிரைய மாத்திடுவேன், அக்கா.”

பக்கத்தில் நின்ற கொழுந்தன், “அண்ணிக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, மண்டோரே,” என்றான். யார் இவனைக் கேட்டார்கள்?

மறுபடியும் லைட்டு செத்தது, மறுபடியும் காயம். மண்டோர் சொன்னதைச் செய்தார். எனக்கு மேட்டு நிரை. என் ரோட்டோர நிரை அவன் மனைவிக்கு.

அதற்குப் பிறகு ஒரு காலை, செத்த பேட்டரியைக் கொடுத்து வேறு வாங்க வழக்கத்தைவிடச் சீக்கிரமே அவன் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவனுடைய லைட்டு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சார்ஜரில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டான். கழற்றியதை ஜன்னலோரம் வைத்தான். என் பங்கு பேட்டரி எப்போதும் இருக்கும் இடம் அது.

“நல்லாத்தான எரிஞ்சிச்சி, எதுக்கு மாத்துற?” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பியவன், “காட்டுல போயி அணைஞ்சிட்டா என்னா பண்றது, அண்ணி?” என்று இளித்தான்.

அவனுக்கு அணையக் கூடாது, எனக்கு அணையலாம். அவன் தின்ற மிச்சத்தை இத்தனை நாளும் நெற்றியில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன்! இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் கை நீண்டிருக்கும். அன்று சாயங்காலமே சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறி எனக்கென்று சார்ஜரும் இரண்டு செட் பேட்டரியும் வாங்கினேன். காட்டிலிருந்து வந்ததும் முதல் வேலை சார்ஜ் போடுவது. வெளிச்சத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பதில்லை.

போன மாதம் மேட்டிலிருந்து கீழே பார்த்தபோது என் பழைய நிரை இருட்டாகக் கிடந்தது. “அக்கா! லைட்டு போச்சிக்கா!” என்று அவன் மனைவி கத்தினாள். இறங்கிப் போனேன். மரத்தில் புதுக் காயம். வெள்ளையாகப் பால் வழிந்தது. என் பையிலிருந்த இரண்டாவது செட்டை அவள் கையில் வைத்தேன்.

“மஞ்சளாவும்னு அவருதான் சொன்னாரு. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்,” என்றாள்.

“லைட்டப் பாக்காத. காலையில ஒம் புருஷன் கையப் பாரு,” என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புருஷன் மிச்சம்தான் இப்போது தன் நெற்றியில் என்று பிறகு புரிந்தது. பேட்டரியை மாட்டினாள். வெளிச்சம் வந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.