பொன்னாடையில் ஷூ தடம்

பட்டத்துக்கான குத்துச்சண்டைப் போட்டி பத்து ரவுண்டு. நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் திருச்செங்கோட்டில் தறி ஓட்டியவள். ஜெயித்தால் பெல்ட். தோற்றால் மறுபடி தறி. முப்பது வயதுக்காரிக்கு இன்னொரு தடவை யாரும் தரமாட்டார்கள்.

செலவை ஏற்றவர் ஒரு ரிக் முதலாளி. ஊர் ஊராகப் போர்வெல் போடும் வண்டிகள் வைத்திருப்பவர். குத்துச்சண்டையில் அவருக்குத் தெரிந்தது மேடை மட்டும்தான்.

உடம்பைச் சூடாக்கி, வேர்வையோடு ரிங்குக்குள் ஏறினேன். மைக்கில் வரவேற்புரை. பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அவர்களுக்கு மாலை, எனக்கு ஒரு வெள்ளைப் பொன்னாடை. இருபது நிமிடம். வேர்வை காய்ந்துவிட்டது. அவர்கள் இறங்கியபோது தரையெல்லாம் ஈரப் பூ, மிதிபட்டுக் கூழாகி.

எதிராளி இடக்கைக்காரி. என்னைவிட உயரம். அவளுடைய வலது காலுக்கு வெளியே என் இடது கால் இருக்க வேண்டும். அப்போதுதான் அவள் இடக்கை என்மேல் நேராக இறங்காது. என் திட்டமே அந்தக் கால்தான். அது வழுக்கினால் ஒன்றுமில்லை.

பொன்னாடையைத் தோளிலிருந்து தள்ளிக் கீழே போட்டு, இரண்டு ஷூவையும் அதில் தேய்த்தேன்.

"ஏஞ்சாமி, பட்டு அது! எளம்பிள்ளைல சொல்லி வாங்குனது!" முன்வரிசையிலிருந்து முதலாளி கத்தினார்.

"நல்லாத் தொடைக்குதுங்க," என்றேன்.

எதிராளி பார்த்தாள். தன் துண்டைப் போட்டு அவளும் தேய்த்தாள். அந்த மண்டபத்தில் விவரம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஐந்து ரவுண்டு அவள் முகத்தை நான் தொடவே இல்லை. வலக்கையை மேலே காட்டுவேன். அவள் கையைத் தூக்குவாள். என் இடக்கை விலாவுக்குக் கீழே போகும்.

"மூஞ்சியில போடு சாமி! வவுத்தத் தடவிக் குடுத்துட்டு நிக்கறா பாரு!" என்றார் முதலாளி. பக்கத்து நாற்காலிக்காரரிடம், "தண்டச் செலவுங்க," என்றதும் என் காதில் விழுந்தது.

ஆறாவது ரவுண்டில் கீழே பந்திக்குப் போய்விட்டார்.

எட்டில் அவள் கைகள் இறங்கின. ஒன்பதில் விலாவுக்குக் கீழே இன்னொன்று. மண்டி போட்டாள். பத்து எண்ணியும் எழவில்லை. பெல்ட் எனக்கு.

கை கழுவாமல் முதலாளி ஏறி வந்தார்.

"நாஞ் சொன்னனில்லீங்க! மூஞ்சியிலயே போட்டா பாருங்க!" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பொன்னாட எங்க சாமி? போட்டோ எடுக்கோணும்."

"என் மூலையில ஸ்டூலுக்குக் கீழ கெடக்குதுங்க."

எடுத்து உதறினார். போர்த்தினார். சிரித்தார்.

படம் அவர் ஆபீஸில் மாட்டியிருக்கிறது. என் இடது தோளில் ஷூ தடம் முழுதாகத் தெரிகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.