ஓய்வு என்று எழுதிய சீட்டு

எனக்கு முன்தோல் இறுகிப்போய் அதை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூன்றாம் வாரம், ஔந்த்தில் உள்ள யூராலஜி கிளினிக்கில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், கம்பெனி கேப் ஓட்டுபவரின் வெள்ளைச் சீருடை. நாற்காலிகள் காலியாக இருந்தும் சுவரோரம் நின்றார். ஒரு கை எப்போதும் சட்டையின் முன்பக்கத்தைச் சற்று இழுத்துப் பிடித்திருந்தது.

நான் போனில் என் ஆபரேஷன் பற்றித் தமிழில் பேசியதைக் கேட்டு அருகே வந்தார்.

"உங்களுக்கும் அந்த ஆபரேஷன்தானா சார்? வீக்கம் வத்திருச்சா?"

"ஏறக்குறைய வத்திருச்சு. இறுக்கமான ஜட்டி போட்டுட்டு படுத்தேதான் இருந்தேன். வேலையும் வீட்லருந்துதான்."

"எனக்கு ரெண்டு மாசமாச்சு, வத்தலை. நாலாம் நாளே வரலைன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னுட்டான் சேட். ஹிஞ்சேவாடி டிராஃபிக்ல பத்து மணி நேரம் உக்காந்தா எப்படி வத்தும்? ஸ்டியரிங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா?"

அவர் உள்ளே போனதும் டாக்டர் மராத்தியில் திட்டுவது வெளியே கேட்டது. திரும்பி வந்து மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு வாரம் ரெஸ்ட்டுனு எழுதியிருக்காரு. இது எந்த மெடிக்கல்ல கிடைக்கும் சார்?"

அதற்குள் அவர் போன் அடித்தது. "ஆ ரஹா ஹூம் சேட்" என்று, வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னபடி கால்களை அகட்டி மெதுவாகப் படியிறங்கினார்.

அடுத்து என்னைச் சோதித்த அதே டாக்டர், சொன்னபடி உடம்பைப் பார்த்துக்கொண்டதாகப் பாராட்டினார். அந்தப் பாராட்டு இன்றும் எனக்குக் கசக்கிறது.